பாலாற்று நீரில் கரைந்தவை

நீரைத் தெளியவைக்கும் வித்தை நம் நாட்டில் மிகப் பழமையானது. கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சற்று நேரத்தில் மண் அடியில் படியும் என்பதையும், காய்ச்சி ஆற்றிய நீர் நோயாளிக்கு ஹிதமானது என்பதையும், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி முகந்த நீர் மேலே ஓடும் நீரைக் காட்டிலும் சுத்தமானது என்பதையும் பள்ளிக்கூட வாசலை மிதித்திராத பாட்டிமார்களும் அறிந்திருந்தார்கள். அவர்கள் கண்ட அழுக்குகள் இரண்டே. ஒன்று மண், அது படியும். மற்றொன்று நோய்தரும் கிருமி. அது கொதியில் சாகும். படியவும் செய்யாமல், சாகவும் செய்யாமல், பெரும்பாலும் நிறத்தாலும் வாசனையாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், நீரோடு நீராய்க் கரைந்து தலைமுறை கடந்தும் கிணற்றிலேயே குடியிருக்கும் மூன்றாவது வகை அழுக்கு ஒன்று நம் ஊர்களுக்கு வந்து சேரும் என்று அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை. ஏனெனில் அதைப் பெருக்கியது பெரும்பாலும் கடந்த நூறாண்டுத் தொழில் வளர்ச்சிதான்.

இந்த மூன்றாவது வகையில் அடங்குபவை பல. குரோமியம், ஈயம், ஆர்சனிக் போன்ற மூலகங்கள் அதில் உண்டு. மூலகம் என்பது எரித்தாலும் புதைத்தாலும் வேறு பொருளோடு கூடி வேஷம் மாறுமேயன்றி இல்லாமற் போவதில்லை. சமையலறையில் பரம சாதுவாகக் காட்சி தரும் உப்பும் அதில் உண்டு. அளவு மீறி நிலத்தடி நீரில் சேர்ந்துவிட்டால் அதைத் தின்று தீர்க்கும் உயிர் எதுவும் கிடையாது. இவற்றோடு, கார்பன் அணுவையும் ஃபுளோரின் அணுவையும் இறுகப் பிணைத்து மனிதனே உற்பத்தி செய்த சேர்மங்கள் சில ஆயிரம் உண்டு; மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இந்தப் பிணைப்பை அறுக்கப் பெரும்பாலும் சக்தியற்றவை. ரசாயன சாஸ்திரம் இவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில் பேசும். குடிக்கிறவனுக்கும் பயிரிடுகிறவனுக்கும் இவையனைத்தும் ஒன்றே: வந்தவை தாமாகப் போகா. ஆகவே, இவற்றுக்கு யார் எந்தப் பரிகாரத்தைச் சொன்னாலும், அதன் செலவையும் சாமர்த்தியத்தையும் விசாரிக்கும் முன்பு, "நீரிலிருந்து பிரித்தெடுத்ததை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவது நலம். அந்தக் கேள்வியைப் பல காலம் கேளாதிருந்த ஒரு பிரதேசத்தின் கதையாகவே பாலாற்றங்கரையின் கதையை நான் பார்க்கிறேன்.

பாலாறு கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, பழைய வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களின் வழியே வந்து கல்பாக்கத்துக்கு அருகில் கடலில் சேர்வது. அதன் நீளம் சுமார் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டில் பெரும்பகுதி மேலே மணலாகவும் கீழே நீராகவும் இருப்பது இதன் சுபாவம். அந்த மணலுக்கு அடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் திருப்பியும், கரையோரக் கிணறுகளில் கவலை கட்டி இறைத்தும், நெல்லும் கரும்பும் தென்னையும் செழிக்க அப்பகுதிக் குடியானவர்கள் வாழ்ந்தார்கள். மணலாறு என்பதில் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வெயிலில் ஆவியாகாமல் நீர் பத்திரமாக இருப்பது வசதி. அதில் கலந்த எதையும் அடித்துக்கொண்டுபோகப் பெருவெள்ளம் எப்போதாவது ஒரு முறைதான் வரும் என்பது ஆபத்து.

இந்த ஆற்றங்கரையிலேதான் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக வளர்ந்தன. தோல் தொழில் இங்கே நேற்று வந்ததன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குப் போய் நல்ல பெயர் வாங்கியிருந்தது. அந்த முறையிலும் நாற்றம் உண்டு, கழிவு உண்டு. ஆனால் பட்டைச் சாறு காலக்கிரமத்தில் மக்கும் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் குரோமியத்தால் பதனிடும் முறையை முயன்று பார்த்தார். அதற்கு அவர் சொன்ன உபயோகங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: பட்டையால் பதனிட்ட தோல் ஓயாமல் நனைந்தால் சீக்கிரம் கெட்டுப்போகிறது, குரோம் தோல் நனைந்தாலும் கெடுவதில்லை, ஆகையால் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு அதுவே உகந்தது என்பது அவர் கட்சி. கிணற்று நீரை மேலே கொண்டுவரச் சிபாரிசு செய்யப்பட்ட அதே ரசாயனம், பின்னொரு காலத்தில் கிணற்று நீரைக் குடிக்கவும் பாய்ச்சவும் ஆகாததாக்கிய பொருள்களில் ஒன்றாயிற்று. விதி சில சமயம் நாவலாசிரியர்களையும் மிஞ்சிவிடுகிறது.

குரோம் முறை பெருவாரியாகப் பரவியது 1970-களுக்குப் பிறகு. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முற்றுப்பெற்ற தோலாகவும் செருப்பாகவும் அனுப்பினால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிகும் என்று சர்க்கார் கருதியது, அக்கருத்தில் பிழையில்லை. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஷூ தொழிற்சாலைகளில் கூலி கிடைத்தது. அத்தொழிலைச் சத்துருவாகப் பாவித்துப் பேசுகிறவர்கள் ஆம்பூரில் மாலை ஐந்து மணிக்கு வேலை விட்டு வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. ஆனால் அந்த லாபக் கணக்கில் ஒரு பற்று எழுதப்படாமலே விடப்பட்டது.

அந்தப் பற்று எங்கே தொடங்குகிறது என்பதைப் பதனிடும் வேலையின் கிரமத்திலேயே காணலாம். கசாப்புக் கடையிலிருந்து வரும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில் உப்பைத் தேய்த்து வைக்கிறார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுவது; ஆக, உப்பில் பெரும்பகுதி முதல் தொட்டியிலேயே நீருக்குப் போய்விடுகிறது. அடுத்து சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு மயிரைக் களைகிறார்கள். பிறகு மறுபடியும் உப்பும் அமிலமும். அதன் பின்பே பெரிய மர ட்ரம்மில் குரோமியம் சல்பேட்டோடு தோலைச் சுழற்றுகிறார்கள். வெளியே வரும் தோல் வெளிர் நீலமாக இருக்கும். போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் கழிவு நீரோடு போகிறது. ஒரு கிலோ முற்றுப்பெற்ற தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றிலே குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த நீர் முழுவதும் பல ஆண்டுகள் வாய்க்காலிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் விடப்பட்டது. மணல் அதைச் சிறிதும் ஆட்சேபிக்காமல் உறிஞ்சிக்கொண்டது. கண்ணுக்கு மறைந்ததால் காரியம் முடிந்ததென்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

பொதுமக்கள் குரோமியம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். உப்பைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. வயலைப் பொறுத்தமட்டில் முறை நேர்மாறானது. குரோமியம் பெரும்பாலும் பயிரின் வேரிலேயே தங்கிவிடும். தண்டுக்கும் மணிக்கும் ஏறுவது சொற்பம். நிலத்தைக் கொன்றது உப்பு. உப்புநீர் பாய்ந்த மண்ணில் வேர் நீரை இழுக்கத் திணறுகிறது. கண்ணெதிரே ஈரம் இருக்கையிலேயே பயிர் தாகத்தால் வாடுகிறது. இது முதற்கட்டம். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் துகள்களோடு ஒட்டிக்கொண்டு, அவற்றைக் கூட்டாக வைத்திருக்கும் கால்சியத்தை விரட்டிவிடுகிறது. துகள்கள் சிதறி மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட, மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கிறது, வெயில் அடித்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகுகிறது. இது இரண்டாம் கட்டம். இந்நிலையை எட்டிய நிலத்தை மீட்க ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வெட்டி வடிக்க வேண்டும். ஜிப்சம் கடையில் கிடைக்கும். நல்ல நீருக்கு எங்கே போவது? கிணறே அல்லவா கெட்டிருக்கிறது! நெல்லையும் கடலையையும் கைவிட்டு உப்பைச் சற்றுத் தாங்கும் தென்னைக்கு மாறுவது ஒரு தற்காலிக உபாயம். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாது போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது மேற்சொன்ன தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

குடிநீர் விஷயத்தில் குரோமியத்துக்கு வருவோம். அதற்கு இரண்டு முக்கியமான வடிவங்கள் உண்டு. டேனரிகளில் உபயோகமாவது மும்மதிப்புக் குரோமியம். அது மண்ணில் எளிதில் படிந்துவிடும், நீரில் அவ்வளவாக ஓடாது, நஞ்சும் குறைவு. மற்றொன்று ஆறுமதிப்புக் குரோமியம். அது நீரில் நன்றாகக் கரைந்து, நீர் போகுமிடமெல்லாம் போகும். புற்றுநோய் உண்டாக்குவதென்று உலக ஆராய்ச்சி ஸ்தாபனங்களால் முடிவு செய்யப்பட்டது. டேனரிகளுக்கு வேண்டிய குரோமியம் உப்புகளைத் தயாரிக்க இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவிலிருந்து 1995 வரை நடந்தது. அது மூடப்பட்டபோது விட்டுச்சென்ற ஆஸ்தி, லட்சக்கணக்கான டன் எடையுள்ள குரோமியக் கழிவு மேடு. அதில் இருந்தது இந்த இரண்டாம் வடிவம். மழை பெய்யும்போதெல்லாம் மேட்டிலிருந்து மஞ்சள் நீர் வடிந்து பூமியில் இறங்கியது. 2006-இல் ஓர் அமெரிக்க ஸ்தாபனம் உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு இராணிப்பேட்டையின் பெயரும் அதில் இடம்பெற்றது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆலை மூடிய பிறகு லாபம் பார்த்தவர் யாரும் அந்த மேட்டைக் காவல் காக்க அங்கே இருப்பதில்லை என்பதுதான் இத்தகைய விவகாரங்களின் பொது லட்சணம்.

1991-ல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று. கெடுதல் நிகழும் என்று ஐயமறத் தெரியும் வரை காத்திராமல் முன்ஜாக்கிரதையாக நடக்க வேண்டும் என்பதும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அது பிரகடனம் செய்தது. கெடுத்தவர் ஏற்க வேண்டிய செலவில், பாதிக்கப்பட்டவருக்குத் தரும் நஷ்டஈடு மட்டுமல்லாமல், கெட்ட நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அடங்கும் என்று சொன்னதுதான் அத்தீர்ப்பின் சிகரம்.

சிகரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கினால் காட்சி மாறுகிறது. தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் 547 டேனரிகள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரவேண்டுமென்று முடிவு செய்தது. அது 1998 முடியுமட்டும் உண்டான நஷ்டத்துக்கு. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஏழாண்டு விளைச்சலை இழந்த குடியானவனுக்கு இது ஒரு ஜோடி உழவு மாட்டின் விலையாகுமா என்பதை வாசகர்களே நிதானித்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் பாலாற்று விவகாரத்தை மறுபடி விசாரித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. நஷ்டஈட்டைச் சர்க்கார் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து மேற்பார்க்க வேண்டும் என்றும், சேதம் நீங்கும் வரை கெடுத்தவரின் பொறுப்பு தீராது என்றும் அது கூறிற்று. முதல் வழக்குக்கும் இதற்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இதற்கிடையே தொழிலதிபர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 1990-களில் ஊருக்கு ஊர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றின. கழிவு நீரில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுகும் பொருள்களைச் சிதைத்து, சேற்றைப் படியவைத்துத் தெளிந்த நீரை வெளியேற்றுவது அவற்றின் வேலை. நாற்றம் குறைந்தது, நிறம் குறைந்தது, உப்பு மட்டும் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. நுண்ணுயிருக்கு உப்பின்மேல் அதிகாரமில்லை. மோரில் போட்ட உப்பை மத்தால் கடைந்து எடுக்க முயல்வதைப் போன்ற காரியம் அது. பிறகு நீதிமன்றங்களின் நெருக்குதலால், சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி உப்பைத் தடுத்து நிறுத்தும் ஆர்.ஓ. இயந்திரங்கள் வந்தன. நீரில் பெரும்பகுதி மறுபடி உபயோகத்துக்குக் கிடைத்தது. மிஞ்சிய கடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கொதிகலன்கள் வந்தன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத நிலை என்று இதற்குப் பெயர். பெயரில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. சொட்டு வெளியே போகவில்லை. உப்பு மூட்டை நிலையத்தின் முற்றத்திலேயே இருக்கிறது. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கரிமக் கசடும் கலந்த அந்த உப்பை வாங்குவோர் இல்லை. புதைக்கவும் தக்க இடம் எளிதில் இல்லை. மழையில் நனைந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். சாயத் தொழிலில், திருப்பூரில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளையெல்லாம் மூடச் சொன்ன பிறகு இதே முறை நிலைபெற்றது. அங்கே உப்பு நீரைப் பிரித்துச் சாயத் தொட்டிக்கே மறுபடி அனுப்ப முடிகிறது. பல உப்புகளும் பல கசடுகளும் கலந்த தோல் தொழிலுக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை.

சேற்றின் கதை இன்னும் துயரமானது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து, அருகே படுத்துறங்கிய தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தக் கழிவில் அமிழ்ந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எடுத்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடையில்லாமல் வைத்துக்கொண்டே போனதன் விளைவு அது.

இத்தனைக்கும், கலந்த பிறகு பிரிப்பதைவிடக் கலக்காமல் காப்பது மலிவு என்பதற்கு அத்தாட்சி நம் அடையாற்றிலேயே இருக்கிறது. 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பல வழிகளை வகுத்துத் தந்திருக்கிறது. குரோமியம் கலந்த நீரை மற்றக் கழிவுகளோடு சேரவிடாமல் தனியே பிடித்து, காரப்பொருளிட்டுக் குரோமியத்தைப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடியும் ட்ரம்முக்கே அனுப்பலாம். கழிவாகப் போவது பணமாகத் திரும்பும். நீரே சேர்க்காமல் குரோமியத்தை நேரடியாகத் தோலில் ஏற்றும் முறையையும் அந்நிலையத்தார் கண்டிருக்கிறார்கள். உப்புத் தோலைத் தொட்டியில் போடுமுன் மரச்சட்டத்தின்மேல் தட்டி உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பகுதி உலர்ந்தபடியே உதிர்ந்துவிடும். அதைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். முதல் ஊறல் நீரைத் தனி வாய்க்காலில் விட்டு வெயிலில் உலர்த்தலாம். இவற்றுள் உதறும் வேலைக்கு ஒரு மரச்சட்டமும் இரண்டு ஆட்களும் போதும். கோடிக்கணக்கில் கொதிகலன் வைப்பதற்கு வங்கியில் கடன் கிடைக்கிறது. உதறுவதற்கு ஆள் வைக்கத்தான் நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. பசுந்தோலை உப்பில்லாமல் குளிரூட்டிச் சில மணி நேரத்தில் டேனரிக்குக் கொண்டுவருவது இதனினும் மேலான வழி. ஆனால் தோல் தொலைதூரச் சந்தைகளிலிருந்து லாரியில் வரும் நாட்டில் அது சுலபமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே பூமிக்குள் இறங்கியதை என்ன செய்வது? ஆறுமதிப்புக் குரோமியத்துக்கு ஓர் உபாயம் உண்டு. இரும்பு அதை மும்மதிப்பு வடிவத்துக்கு மாற்றி அங்கேயே படியவைத்துவிடும். அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தின் எலிசபெத் நகரில், கடலோரக் காவற்படையின் தளத்தில் குரோமிய முலாம் பூசும் பட்டறையின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டிருந்தது. 1996-இல் அந்நீர் ஓடும் பாதைக்குக் குறுக்கே 46 மீட்டர் நீளமும் 7 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழமும் உள்ள அகழியை வெட்டி இரும்புத் துகளால் நிரப்பினார்கள். நீர் அதன் ஊடே போயிற்று, குரோமியம் நின்றுவிட்டது. பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் இது அழிப்பதன்று, அடக்கி வைப்பதே. மண்ணில் மாங்கனீஸ் ஆக்ஸைடு போன்ற பொருள்கள் இருந்தால் அடங்கிய குரோமியத்தில் ஒரு பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பவும் கூடும். ஆகவே அதைச் சுற்றிக் கிணறு தோண்டி ஆண்டுதோறும் நீரைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக்கோ இந்த உபாயமும் கிடையாது. மழைநீரைத் தேக்கி இறக்கி, அதன் செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது ஒன்றே வழி. அதற்கும், மேலிருந்து புது உப்பு வருவது முதலில் நிற்க வேண்டும், ஆற்று மணலும் ஆற்றிலேயே இருக்க வேண்டும்.

தோல் தொழிலுக்கும் அழியா மாசுக்கும் உள்ள உறவு பாலாற்றோடு முடிவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ராக்ஃபோர்டு என்ற சிற்றூரில் வுல்வரின் என்ற கம்பெனியின் டேனரி இருந்தது. 1958 முதல் அவர்கள் பன்றித்தோலில் செய்து விற்ற ஷூக்கள் உலகப் பிரசித்தம். மழையில் நனைந்தாலும் நீர் ஒட்டாமலிருக்க அத்தோலுக்கு த்ரீ-எம் கம்பெனியின் ஸ்காட்ச்கார்டு பூசினார்கள். அதில் இருந்தது நான் முதலிற் சொன்ன ஃபுளோரின் சேர்மம். கழிவைப் பக்கத்திலுள்ள பெல்மான்ட் என்ற கிராமத்தில் கொட்டினார்கள். டேனரி 2009-இல் மூடப்பட்டது. 2017-இல் அக்கிராமத்துக் கிணறுகளைச் சோதித்தபோது சிலவற்றில் லிட்டருக்குப் பல்லாயிரம் நானோகிராம் அளவில் அச்சேர்மங்கள் இருந்தன. அந்நாட்டுச் சர்க்கார் 2024-இல் இவற்றுள் முக்கியமான இரண்டுக்குக் குடிநீரில் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நம் குரோமிய வரம்போடு ஒப்பிட்டால் பன்னீராயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு! 2020-இல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 கோடியே 95 லட்சம் டாலர் தர உடன்பட்டு, சுமார் ஆயிரம் வீடுகளுக்கு வேறிடத்து நீரைக் குழாயில் கொண்டுவர ஏற்பாடாயிற்று. பாலாற்றங்கரையிலும் கடைசியில் நடந்தது அதுவே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஜனங்களுக்குக் குடிப்பதற்காகக் காவிரி நீர் மலையும் மேடும் கடந்து குழாயில் வருகிறது. தன் ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு அயலாற்று நீரைக் குடிக்கும்படி நேர்ந்ததைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்லலாம். ஆற்றின் நிலைமைக்கு அதை அத்தாட்சியாகவும் கொள்ளலாம். குழாய் நீர் வயலுக்கு வருவதில்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

இந்த ஃபுளோரின் சேர்மங்களில் சில, குரோமியத்தைப் போல வேரில் அடங்கிக் கிடப்பவையல்ல. சிறிய மூலக்கூறுகள் நீரோடு ஏறி இலைக்கும் கனிக்கும் போய்விடும். அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில் சாக்கடைச் சேற்றை எருவென்று நம்பிப் பல பத்தாண்டுகள் வயலில் கொட்டியதால் பசுவின் பாலிலும் அச்சேர்மங்கள் வந்துவிட்டன. 2022-இல் அம்மாகாணம் சேற்றை வயலில் இடுவதையே சட்டத்தால் தடுத்து, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 6 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது. சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு இலவச எருவாகக் கிடைக்கிறதென்று யாராவது சொன்னால் நம் விவசாயிகள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கது என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கொதிக்கவைப்பது கிருமிக்கு மருந்து. உப்புக்கும் குரோமியத்துக்கும் அது விபரீத பலன் தரும், ஏனெனில் நீர் ஆவியாக ஆக அவற்றின் செறிவு ஏறும். மணல் வடிகட்டியால் பயனில்லை. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பது மெய். ஆனால் ஒரு குடம் நல்ல நீருக்குப் பெரும்பாலும் ஒரு குடமோ அதற்கு மேலோ கழிவு நீரை அது வெளியேற்றும், தடுத்த உப்பெல்லாம் அதில் கூடிநிற்கும். அது போவது கொல்லைப்புற மண்ணுக்கே. இயந்திரம் விற்க வருகிறவர் பேனாவைப் போன்ற ஒரு கருவியை டம்ளரில் நுழைத்து ஓர் எண்ணைக் காட்டுவார். நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைக்கொண்டு மொத்த உப்பை மதிப்பிடுவதே அக்கருவியின் சக்தி. குரோமியமோ ஃபுளோரின் சேர்மமோ தீங்கு செய்யும் அளவில் இருந்தாலும் அந்த எண்ணில் அசைவே தெரியாது. எண் சிறியதாயிருப்பதால் நீர் குற்றமற்றதாகிவிடாது.

உண்மையை அறிய ஆய்வுக்கூடம் ஒன்றே வழி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாதோறும் ஆய்வுக்கூடங்கள் உண்டு. வேளாண்மைத் துறைக்கு மண், நீர்ப் பரிசோதனை நிலையங்கள் உண்டு. ஆலைகள் உள்ள வட்டாரத்தில் கிணறு வைத்திருப்போரும் பஞ்சாயத்தாரும் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் நீரைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பொதுச் சோதனை மட்டும் போதாது. குரோமியத்தைப் பார்க்க வேண்டுமென்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், பாசனக் கிணறானால் சோடியத்தின் விகிதத்தையும் கேட்க வேண்டும். கிணற்றின் சர்வே எண்ணும் தேதியும் இட்ட அந்தச் சோதனைத் தாள்களை ஆண்டுவாரியாகப் பஞ்சாயத்து ஆபீசில் தைத்து வையுங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்டு எந்த அதிகாரியின் முன்னாலோ நீதிபதியின் முன்னாலோ நிற்க நேர்ந்தால், நிலம் எப்போது கெட்டது என்பதை உங்களுக்காகச் சொல்லப்போகிற சாட்சி அந்தத் தாள்கள்தாம்.